செவியால் குரல் திருத்தும் வௌவால் குட்டிகள்

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பெருமரங்களில் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கியவாறு இரைச்சலிடும் பழந்தின்னி வௌவால்களைக் காணாத கண்டிவாசிகள் இலர் எனலாம். மஃரிப் தொழுகைக்கான பாங்கொலியும் கோவில்களின் மாலை மணியோசையும் கேட்கும் அந்திப்பொழுதில் அவை கூட்டங்கூட்டமாக மகாவலி கங்கைக்கு மேலாகப் பறந்து செல்வது இப்பிரதேசத்தின் நாளாந்தக் காட்சிகளுள் ஒன்றாகும். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வியப்புடன் நோக்கும் இக்காட்சி நம்மவர்க்குப் பழகிப்போனதொன்று. மாங்காயையும் கொய்யாவையும் கடித்துப் போடுபவை, கிளைகளை மொட்டையாக்குபவை, நோயைப் பரப்புபவை என்ற அளவிலேயே வௌவால்களைப் பற்றிய எமது அறிவு நின்றுவிடுகின்றது. அவற்றின் கூச்சலோ வெறும் தொல்லையாகவே கொள்ளப்படுகின்றது.

எனினும் அக்கூச்சல் பொருளற்றதன்று என்பதைக் கடந்த சில தசாப்தங்களில் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியுள்ளனர். வௌவால் குட்டி பிறந்த கணத்திலேயே தாயை அழைக்கத் தொடங்குகின்றது. நாட்கள் செல்லச் செல்ல அதன் குரல் மாறுகின்றது. சில இனங்களில் அது மனிதக் குழந்தையைப் போல மழலை பேசிப் பழகுகின்றது. இவ்வாய்வுகளுள் முக்கியமான ஒன்று இலங்கை வௌவால்களைக் கொண்டே நடத்தப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

இருவகை வௌவால்கள்

உலகில் 1,400 இற்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. இலங்கையில் 30 இற்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அதாவது இந்நாட்டு முலையூட்டி இனங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வௌவால்களே. பறப்பதனால் இவற்றைப் பறவைகளாகக் கருதுவோர் இன்னும் உளர். ஆயினும் இவை குட்டி ஈன்று பாலூட்டுபவை. பெரும்பாலான இனங்கள் ஒரு தடவையில் ஒரு குட்டியையே ஈனுகின்றன. ஆகையால் ஒரு குட்டியின் இழப்பு ஒரு தாயின் அப்பருவத்து உழைப்பு முழுவதினதும் இழப்பாகின்றது.

பேராதனையில் நாம் காணும் பெரிய வௌவால்கள் பழங்களையும் பூந்தேனையும் உண்பவை. இவை கண்பார்வையையும் மோப்பத்தையும் நம்பியே இரை தேடுகின்றன. இவற்றின் குரல் நமது காதுகளுக்கு நன்றாகவே கேட்கின்றது. குகைகளிலும் சுரங்க வழிகளிலும் பழைய கட்டடங்களின் கூரைகளிலும் வாழும் சிறிய வௌவால்கள் பூச்சிகளை உண்பவை. இவை நமக்குக் கேளாத மிக உயர்ந்த ஒலியை எழுப்பி, அது பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருளில் வழியறிகின்றன.

இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1793 ஆம் ஆண்டில் செய்த பரிசோதனைகளில், கண்ணை மறைத்த பின்னரும் வௌவால்கள் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜூரின், காதை அடைத்தால் அவை தடுமாறி மோதுகின்றன என்று காட்டினார். காதினால் எவ்வாறு "பார்க்க" முடியும் என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிரிஃபின் 1938 ஆம் ஆண்டிலிருந்து செய்த ஆய்வுகளே இப்புதிரை அவிழ்த்தன. மனிதக் காது செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை, அதாவது 20 கிலோஹேர்ட்ஸ் மீடிறன் வரையே கேட்க வல்லது. பூச்சியுண்ணும் வௌவால்களுட் பெரும்பாலானவை அதற்கு மேற்பட்ட கழியொலியையே பயன்படுத்துகின்றன.

ஆயிரம் குரல்களுள் ஒரு குரல்

பிறந்த குட்டிக்கு இரை தேடும் தேவை இல்லை. அதன் முதற்தேவை தாய். தாய் இரை தேடச் சென்று திரும்பும்போது, தனித்துவிடப்பட்ட குட்டி இடைவிடாது ஒலியெழுப்புகின்றது. இதனைப் பிரிவழைப்பு எனலாம். இவ்வொலி முதிர்ந்த வௌவாலின் வேட்டையொலியை விடத் தாழ்ந்ததாகவும் நீண்டதாகவும் இருக்கும். அதனால்தான் குட்டிகள் நிறைந்த குகையொன்றில் சில வேளைகளில் மனிதக் காதுக்கும் கீச்சொலி கேட்கின்றது.

ஒவ்வொரு குட்டியின் அழைப்பிலும் அதற்கேயுரிய ஏற்ற இறக்கம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் குகைகளில் வாழும் மெக்சிக்கோ வால்நீள் வௌவால்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கு இலட்சக்கணக்கான குட்டிகள் குகைச் சுவரில் இடைவெளியின்றி ஒட்டிக்கிடக்கின்றன. தாய் எதிர்ப்பட்ட குட்டிக்குப் பாலூட்டும் என்றே நீண்டகாலமாக நம்பப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் வெளியான மரபணுச் சார்ந்த ஆய்வொன்று அந்நம்பிக்கையைத் தகர்த்தது. பாலூட்டிக்கொண்டிருந்த சோடிகளுள் ஏறத்தாழ 83 வீதமானவை உண்மையான தாயும் குட்டியுமாகவே இருந்தன. விட்டுச்சென்ற இடத்தின் நினைவு, குட்டியின் குரல், அதன் மணம் ஆகிய மூன்றையும் கொண்டு தாய் தன் குட்டியைக் கண்டறிகின்றது என்பது பின்னைய ஆய்வுகளால் உறுதியாயிற்று.

ஜப்பானில் குதிரைலாட வௌவால்களை ஆராய்ந்த சுமிகோ மட்சுமுரா, தாயும் குட்டியும் மாறி மாறி ஒலியெழுப்பி ஒன்றுக்கொன்று இசைந்து போவதை 1979 ஆம் ஆண்டிலும் 1981 ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்தார். குட்டியின் அழைப்பொலியிலிருந்து வேட்டையொலி படிப்படியாக உருவாவதையும் அவர் பதிவு செய்தார்.

இலங்கையின் செந்நிற வௌவால்

கண்டிக்கு அண்மித்த கடுகண்ணாவைக்கு வௌவால் ஆய்வின் வரலாற்றில் ஓர் இடமுண்டு. இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட் 1850 ஆம் ஆண்டில் விபரித்த குதிரைலாட வௌவால், அப்பகுதியிற் கிடைத்ததாகும். மூக்கைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் தோல் மடிப்பைக் கொண்ட இச்சிறு வௌவால் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவலாக வாழ்கின்றது. உயிரியலாளர்கள் இதனை ரைனோலோபஸ் ரூக்ஸி என அழைப்பர். இது வாயினால் அன்றி மூக்கினால் ஒலியெழுப்புவது.

ஜேர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹார்ட் நொய்வைலர் தலைமையிலான குழுவினர், களனிப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் எச். எச். கொஸ்தாவுடன் இணைந்து, இவ்வௌவால் இலங்கைக் காட்டில் எவ்வாறு வேட்டையாடுகின்றது என்பதை ஆராய்ந்து 1987 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடர்ந்த மரங்களிடையே, இலைகளுக்கு அருகிற் பறக்கும் பூச்சிகளையே இது தேடுகின்றது. சில நேரங்களில் சிறு கிளையொன்றிற் தொங்கியபடி சுற்றுமுற்றும் ஒலியை வீசிப் பார்த்து, பூச்சி வந்ததும் பாய்ந்து பிடித்து மீண்டும் அதே கிளைக்குத் திரும்புகின்றது.

இலைகள் அசையும் காட்டில் ஆயிரம் எதிரொலிகளுக்கிடையே ஒரு பூச்சியின் சிறகடிப்பை எவ்வாறு பிரித்தறிவது? இவ்வௌவால் ஒரே சுருதியில் நீண்டு ஒலிக்கும் தூய ஒலியை எழுப்புகின்றது. அதன் மீடிறன் 73 முதல் 79 கிலோஹேர்ட்ஸ் வரையானது. ஒவ்வொரு வௌவாலுக்கும் அந்த எல்லைக்குள் தனக்கென ஒரு சுருதி உண்டு. அதன் உட்செவியில் அந்தச் சுருதியை மட்டும் மிக நுட்பமாகப் பகுத்தறியும் சிறப்புப் பகுதியொன்று அமைந்துள்ளது. நமது கண்ணின் விழித்திரையில் கூர்மையாகப் பார்ப்பதற்கென ஒரு புள்ளி இருப்பதைப் போன்றது இது. பூச்சியின் சிறகடிப்பு எதிரொலியில் ஏற்படுத்தும் மிகச்சிறு நடுக்கத்தையும் இப்பகுதி உணர்ந்துகொள்கின்றது.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. நம்மை நோக்கி வரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்து கேட்பதைப் போல, வௌவால் முன்னோக்கிப் பறக்கையில் எதிரொலியின் சுருதி உயர்ந்துவிடும். இதனை ஈடுசெய்ய வௌவால் தன் குரலை அதற்கேற்பத் தாழ்த்திக்கொள்கின்றது. அதனால் திரும்பிவரும் ஒலி எப்போதும் செவியின் கூர்மைப் பகுதியிலேயே வந்து விழுகின்றது. ஆகவே இவ்வௌவாலுக்குக் குரலும் செவியும் பூட்டும் சாவியும் போன்றவை. ஒன்று மற்றதற்குப் பொருந்தாவிடின் காட்டில் உணவில்லை.

இப்பொருத்தம் பிறவியிலேயே அமைகின்றதா அல்லது வளர்ச்சியில் உண்டாகின்றதா என்ற கேள்வியை மேற்படி குழுவைச் சேர்ந்த ரூடொல்ஃப் ரூப்சாமன் எழுப்பினார். 1987 ஆம் ஆண்டிலும், ஷேஃபர் என்பவருடன் இணைந்து 1990 ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. பிறந்த குட்டியின் குரல் முதிர்ந்த வௌவாலின் குரலை விட மிகவும் தாழ்ந்தது. அதன் செவியும் முதற்கட்டத்தில் தாழ்ந்த ஒலிகளையே கேட்கின்றது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாரங்களில் செவியின் கூர்மைப் பகுதி உருவாகி, அதன் சுருதி படிப்படியாக மேலேறுகின்றது. குரலும் அதே வேகத்தில் அதனுடன் ஏறுகின்றது. ஏணியின் இரு கால்களைப் போல இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன.

இவற்றுள் எது எதனை வழிநடத்துகின்றது என்பதை அறிய அவர்கள் இருவகைப் பரிசோதனைகளைச் செய்தனர். கேட்கும் திறன் அகற்றப்பட்ட குட்டிகளின் குரல் சரியான சுருதியை வந்தடையவில்லை. மறுபுறம், ஒலியெழுப்ப முடியாதவாறு தடுக்கப்பட்ட குட்டிகளின் செவி வழமைபோலவே வளர்ந்தது. இதிலிருந்து தெளிவாகும் உண்மை யாதெனில், செவி தன் இயல்பான ஒழுங்கில் வளர்கின்றது. குரலோ அந்தச் செவியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது என்பதாகும். விலங்குகளை இவ்வாறு ஊனப்படுத்தி ஆராய்வது தகுமா என்ற கேள்வி நியாயமானதே. ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு ஆகியவற்றின் துணையுடன் குட்டிகளைத் துன்புறுத்தாது ஆராயும் வழிகளையே பிற்கால ஆய்வாளர் பலர் நாடினர்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்து, ஜேர்மனியின் ஹாபர்செட்சருடன் இணைந்து, இலங்கையிலும் காணப்படும் இலைமூக்கு வௌவால் இனமொன்றின் குட்டிகள் எழுப்பும் ஒலிகளைப் பற்றி 1986 ஆம் ஆண்டில் எழுதினார். முதிர்ந்தபின் ஏறத்தாழ 130 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் ஒலிக்கும் இவ்வினத்தின் குட்டிகளும் தாழ்ந்த குரலிற் தொடங்கி, வாரக்கணக்கில் சுருதி கூட்டிக்கொண்டே செல்கின்றன.

பிறவிக் குணமா, பழக்கமா?

செவியின் வழிகாட்டலுக்கு அப்பால், மற்றவரைப் பார்த்துப் பழகுவதும் வௌவால்களிடம் உண்டா? பிரித்தானியாவில் பெரிய குதிரைலாட வௌவால்களைப் பல்லாண்டு கவனித்த கரெத் ஜோன்ஸும் ரோஜர் ரான்ஸமும் 1993 ஆம் ஆண்டில் ஒரு விந்தையைத் தெரிவித்தனர். குட்டியின் குரற் சுருதி தாயின் குரற் சுருதியோடு தொடர்புபட்டிருந்தது. இவ்வினத்தில் முதுமை நெருங்க நெருங்கக் குரல் தாழ்கின்றது. வயது கூடிய தாயின் குட்டி அத்தாயைப் பின்பற்றிச் சற்றுத் தாழ்ந்த சுருதியிலேயே ஒலிக்கப் பழகுகின்றது. குட்டி தாயைக் கேட்டே குரலை அமைத்துக்கொள்கின்றது என்பதற்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் யோசி யோவெல் குழுவினர் எகிப்தியப் பழந்தின்னி வௌவாலை ஆராய்ந்தனர். இதே பேரினத்தைச் சேர்ந்த வௌவாலொன்று இலங்கைக் குகைகளிலும் வாழ்கின்றது. 2015 ஆம் ஆண்டில் வெளியான இவர்களது ஆய்வின்படி, பிற வௌவால்களின் குரலைக் கேளாது வளர்ந்த குட்டிகளின் பேச்சு பின்தங்கியே இருந்தது. கூட்டத்தோடு சேர்க்கப்பட்ட பின்னரே அவை மற்றவற்றைப் போல ஒலிக்கலாயின. 2017 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், மூன்று குழுக்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளுக்குச் சுருதியில் வேறுபட்ட மூன்று வகையான கூட்ட இரைச்சல்கள் ஒலிபெருக்கியில் கேட்பிக்கப்பட்டன. தாய்மார் அருகிலிருந்த போதிலும் ஒவ்வொரு குழுவும் தான் கேட்டு வளர்ந்த கூட்டத்தின் சுருதியையே கைக்கொண்டது. வீட்டில் ஒரு மொழி வழக்கும் ஊரில் வேறொரு வழக்கும் இருக்கையில் பிள்ளைகள் ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொள்வதை ஒத்தது இது. பல மொழி வழக்குகள் அருகருகே புழங்கும் மலையகத்து வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவர்களே 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 15,000 ஒலிகளைக் கணினியின் துணையுடன் பகுத்தாய்ந்தனர். நமக்கு ஒரே கூச்சலாகக் கேட்பதில், எந்த வௌவால் பேசுகின்றது, எதன் பொருட்டுச் சச்சரவு என்பன போன்ற தகவல்கள் பொதிந்திருந்தன. உணவுக்காகவும் உறங்கும் இடத்துக்காகவும் நெருங்கி அமர்வதற்காகவும் அவை பூசலிடுகின்றன. பேராதனை மரங்களிற் கேட்கும் இரைச்சலையும் இனி இந்த எண்ணத்தோடு செவிமடுக்கலாம்.

வௌவாலின் மழலை

இவற்றுள் மனத்தை மிகவும் கவர்வது மத்திய அமெரிக்காவின் பைச்சிறகு வௌவாலின் கதையாகும். ஜேர்மன் ஆய்வாளர் மிர்யாம் நோர்ன்ஷில்ட் 2006 ஆம் ஆண்டிலேயே இவ்வினக் குட்டிகள் மழலை பேசுவதைக் குறிப்பிட்டிருந்தார். அவரும் அஹானா பெர்னாண்டஸும் பிறரும் பனாமாவிலும் கொஸ்டாரிகாவிலும் காட்டிலேயே தங்கி 20 குட்டிகளைப் பின்தொடர்ந்து, 2021 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

ஏறத்தாழ மூன்று வார வயதிற் தொடங்கிப் பால் மறக்கும் காலம் வரை இக்குட்டிகள் பகல் வேளைகளில் தமக்குள் ஒலிகளைக் கோத்துப் பழகுகின்றன. ஒரு தடவை தொடங்கினால் சராசரியாக ஏழு நிமிடங்களும், மிகக் கூடியதாக 43 நிமிடங்களும் இது நீடித்தது. முதிர்ந்த வௌவால்கள் பயன்படுத்தும் அசைகளைக் குட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கின்றன. ஆண் குட்டி மட்டுமன்றிப் பெண் குட்டியும் மழலை பேசுகின்றது. ஓர் அசையை அடுக்கடுக்காகக் கூறுவது, தாளக்கட்டு முதலான எட்டு இயல்புகளில் இது மனிதக் குழந்தையின் மழலையை ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் கண்டனர். தாய் வௌவால் தன் குட்டியுடன் பேசும்போது குரலின் தன்மையை மாற்றிக்கொள்வதையும் 2020 ஆம் ஆண்டில் அவர்கள் தெரிவித்திருந்தனர். நம் தாய்மார் குழந்தையுடன் கொஞ்சிப் பேசுகையிற் குரல் மாறுவதை இது நினைவூட்டுகின்றது.

மனிதக் குழந்தைக்கான பாடம்

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டிய செய்தியொன்றும் உண்டு. கேளாது குரல் திருந்தாது என்பது மனிதருக்கும் பொருந்தும். இயல்பாகக் கேட்கும் குழந்தை பொதுவாக ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் "மம்மம்மா", "தத்தத்தா" என அசைகளை அடுக்கத் தொடங்குகின்றது. செவிப்புலன் குன்றிய குழந்தைகளிடம் இது மிகவும் பிந்தியே தோன்றுவதாக அமெரிக்க ஆய்வாளர்களான ஒல்லரும் ஐலர்ஸும் 1988 ஆம் ஆண்டில் காட்டினர். ஆயிரம் பிறப்புகளுள் ஒன்று முதல் மூன்று வரையான குழந்தைகள் செவிப்புலன் குறைபாட்டுடன் பிறப்பதாகக் கணிக்கப்படுகின்றது.

"தகப்பனும் பிந்தித்தான் பேசினான், இவனும் பேசுவான்" என வீட்டிலுள்ள மூத்தோர் ஆறுதல் கூறுவது வழக்கம். அவ்வாறுதலினால் பெறுமதியான மாதங்கள் வீணாகிவிடலாம். ஒரு மாதத்துக்குள் செவிப்புலன் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது மருத்துவ உலகம் வலியுறுத்தும் ஒழுங்காகும். இக்காலத்தைத் தவறவிட்டோரும் காலதாமதமின்றி வைத்தியரை நாடுதல் நன்று. செவிகேளாத குழந்தைக்குச் சைகைமொழியும் முழுமையான மொழியே என்பதும் மறக்கத்தக்கதன்று.

நமது கடமை

வௌவால்களைப் புகழ்வதனால் அவற்றால் வரும் இடர்களை மறைத்தல் ஆகாது. 1821 ஆம் ஆண்டில் பேராதனையில் அமைக்கப்பட்ட பூங்காவின் பழைமையான மரங்கள் வௌவால்களின் பாரத்தாலும் நகங்களாலும் சேதமடைவது உண்மையே. பழச்செய்கையாளரின் நட்டமும் உண்மையே. நோயச்சமும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் பெறப்பட்ட பழந்தின்னி வௌவால்களில், விசர்நாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸுக்கு உறவான புதிய வைரஸொன்று கண்டறியப்பட்டதாக 2016 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வூரின் பெயரே அதற்கு வழங்கப்பட்டுள்ளது. 2018 ஆம் ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியிற் பரவிய நிப்பா வைரஸுக்கும் பழந்தின்னி வௌவால்களே மூலம் எனக் கருதப்படுகின்றது.

ஆயினும் இவ்விடர்களுக்குப் பரிகாரம் வெடி கொளுத்தி விரட்டுவதோ குகைக்குட் புகையடிப்பதோ அன்று. அஞ்சிச் சிதறும் வௌவால்கள் புதிய தோட்டங்களையும் குடிமனைகளையும் நாடுவதால் சிக்கல் இடம் மாறுமேயன்றித் தீராது. குட்டி ஈன்ற பருவத்தில் கூட்டத்தைக் கலைப்பது அதனிலும் கொடிது. பறக்கத் தெரியாத குட்டி நிலத்தில் விழுகின்றது. தாயோ அதன் குரலைத் தேடி அலைகின்றது. உயிர் தப்பிய குட்டிக்கும் கேட்டுப் பழகக் கூட்டம் இல்லாது போகின்றது.

ஒருவர் செய்யத்தக்கவை எளியனவே. விழுந்து கிடக்கும் குட்டியையோ நோயுற்ற வௌவாலையோ வெறுங்கையால் தொடுதல் கூடாது. சிறுவர்களுக்கும் இதனை எடுத்துச்சொல்ல வேண்டும். கடியோ கீறலோ ஏற்பட்டால் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வௌவால் கடித்த பழத்தை உண்ணலாகாது. காய்க்கும் மரத்தைக் காக்க விரும்புவோர் குலைகளை உறையிட்டு மூடலாம். சிக்குண்டு இறக்கும் தளர்வான மெல்லிய வலைகளைத் தவிர்க்க வேண்டும். கூரையிலுள்ள வௌவால்களை வெளியேற்றுவதாயின் குட்டிகள் தாமே பறக்கத் தொடங்கிய பின்னர், அவை இரவில் வெளிச்சென்ற வேளையில் வழியை அடைப்பதே முறையாகும். குகைகளைப் பார்க்கச் செல்வோர் பெருவிளக்குகளையும் கூச்சலையும் தவிர்த்தல் வேண்டும்.

பூச்சியுண்ணும் வௌவால்கள் ஒவ்வோர் இரவும் நமது வயல்களிலும் தோட்டங்களிலும் பெருந்தொகையான பூச்சிகளை உண்கின்றன. பழந்தின்னிகள் காட்டு மரங்களின் விதைகளைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. இப்பயன்கள் ஒருபுறமிருக்க, கண்டியைச் சூழ்ந்துள்ள பாடசாலைகளும் பேராதனைப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இத்தகைய ஆய்வுக்குரிய களத்தைக் கொண்டுள்ளன. இலங்கை வௌவாலின் குரலைப் பற்றி உலகம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் எழுதப்பட்டது. அடுத்த பக்கங்களை எழுதுவதற்கு நம் மாணவர்க்குத் தடையேதும் இல்லை. கழியொலியைப் பதிவு செய்யும் கருவிகள் முன்னரை விடச் சிறியனவாகவும் மலிவானவையாகவும் கிடைக்கின்றன. கேட்பதற்கு வௌவால்கள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனையாகும்.